மூன்று நாள் சுத்தம்

என் வாழ்நாளில் ஒரே ஒரு டாக்டரிடம்தான் நான் குரலை உயர்த்திப் பேசியிருக்கிறேன். அதுவும் எனக்காக அல்ல, எதிர்வீட்டு அக்காவுக்காக. "உங்க மெஷின்ல தான் சார் கோளாறு. வேற யாரோ ரத்தத்த இவங்க பேர்ல எழுதிட்டீங்க" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அக்காவின் ஆறு வருட சுகர் நோட்டைக் கையில் பிடித்து ஆட்டிக்கொண்டே கத்தினேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலில் வலி போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். இப்போது அதை நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது.

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரே காம்பவுண்டில் எதிரெதிர் வீடு எங்களுக்கு. காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வரும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் கேன் செய்கிற கம்பெனியில் இரண்டு பேருக்கும் பேக்கிங் வேலை. எங்கள் அம்மாக்கள் வயலில் நாள் முழுக்கக் குனிந்து நின்றார்கள். நாங்கள் அட்டைப்பெட்டிக்கு முன்னால் நாள் முழுக்க நிமிர்ந்து நிற்கிறோம். முன்னேற்றம் என்றால் அவ்வளவுதான்.

சர்க்கரை முதலில் வந்தது எனக்கு. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு இருநூற்று அறுபது என்றார்கள். வேனில் திரும்பும்போது அழுதேன். என் அப்பா சர்க்கரையில்தான் போனார், கடைசி ஒரு வருடம் கண் தெரியாமல். அக்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "சக்கரை தானேடி வந்துச்சி, சாவா வந்துச்சி? இன்னாத்துக்கு இப்படி அழுவுற?" என்றாள். நான்கு மாதம் கழித்து அவளுக்கும் வந்தது. அவள் அழவில்லை. "பாத்தியா, உனுக்குத் தொணையா நானும் வந்துட்டேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அவளுக்கு என் ஒரு கையை வெட்டிக் கொடுத்திருப்பேன்.

அன்றைக்கே ஒரு ஒப்பந்தம் போட்டோம். மாதாமாதம் சுகாதார நிலையத்துக்குச் சேர்ந்தே போக வேண்டும். ரத்தம் கொடுத்து, நோட்டில் எழுதி வாங்கி, வெளியே வந்ததும் நோட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். "நீ என் நோட்ட பாரு, நான் உன் நோட்ட பாக்கறேன். ஒளிக்கக் கூடாது" என்றாள். ஒளிக்கக் கூடாது என்று சொன்னது அவள்தான். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆறவில்லை.

சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்தால் நோயைப் பற்றி டாக்டருக்கே தெரியாததெல்லாம் தெரிந்துகொள்ளலாம். பாகற்காய் கசப்பு போய் ரத்தத்தில் இருக்கிற இனிப்பை முறித்துவிடும் என்பார் ஒருவர். சர்க்கரைதான் ஆகாது, வெல்லம் போட்டு எத்தனை டீ வேண்டுமானாலும் குடிக்கலாம் என்பார் இன்னொருவர். கேழ்வரகுக் களி நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதனால் களியை மலை மாதிரி உருட்டி நான்கு உருண்டை தின்றுவிட்டு வந்து, சுகர் ஏறிவிட்டது, களி சரியில்லை என்பார்கள். ஊசி போட்டால் கடைசிக் கட்டம். மாத்திரை தினமும் போட்டால் கிட்னி போய்விடும். நானும் இதில் பாதியை நம்பியவள்தான், பெரிய அறிவாளி ஒன்றும் இல்லை. ஆனால் மாத்திரையை மட்டும் நான் விட்டதில்லை. அப்பாவின் கண் எனக்கு ஞாபகம் இருந்தது.

அப்படியும் என் நோட்டில் நல்ல எண் வரவில்லை. வெறும் வயிற்றில் நூற்று எண்பது, நூற்றுத் தொண்ணூறு, ஒரு மாதம் இருநூற்றுப் பத்து. இரவுச் சோற்றை விட்டேன். டீயில் சர்க்கரையை விட்டேன். கிறிஸ்துமஸுக்கு என் வீட்டில் நானே செய்த கேக்கை மோந்து பார்த்துவிட்டு வைத்தேன். அக்காவின் நோட்டிலோ முதல் மாதமே நூற்று இருபது. அடுத்த மாதம் நூற்றுப் பதினெட்டு. அதற்கப்புறம் அந்த எண் அங்கேயே குடித்தனம் செய்ய ஆரம்பித்துவிட்டது.

"எப்படிக்கா?" என்று கேட்பேன்.

"வாயக் கட்டணும்டி. அவ்ளோதான். உனுக்கு வாய்க் கட்டுப்பாடு பத்தல."

நான் நம்பினேன். ஆறு வருடமாக எனக்கு வாய்க் கட்டுப்பாடு இல்லை என்று நானும் நம்பினேன்.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் எதிரே ஒரு நாஷ்டா கடை. அக்கா பூரி வாங்குவாள், கூடவே ஒரு தட்டு கேசரி. நெய் மினுமினுக்கிற கேசரி. நான் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி போதும் என்பேன். "கண்ட்ரோல்ல கீறவங்க ஒரு நாளு துன்லாம்டி. நீ துன்னக் கூடாது" என்று சொல்லிவிட்டு என் கண் முன்னாலேயே வழித்துச் சாப்பிடுவாள். எனக்கு வயிறு எரியும். ஆனால் அவளுக்குக் கிடைத்த பரிசு அது, எனக்கு அந்தத் தகுதி இல்லை என்றுதான் நினைத்தேன். பரீட்சையில் தேறிய பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்தக் கேசரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு வருடம் சுகாதார நிலையத்தில் சர்க்கரை நோய் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார்கள். அக்காவை மேடைக்குக் கூப்பிட்டு, துண்டு போர்த்தி, இரண்டு அடுக்கு டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்து, "வாயக் கட்னா எல்லாம் சரியாவும்" என்று பேசினாள். சிஸ்டர் என் பக்கம் திரும்பி, "பக்கத்துலயே இருக்காங்கல்ல, பாத்துக் கத்துக்கம்மா" என்றார். நான் கை தட்டினேன். பலமாகவே தட்டினேன், வயிற்றெரிச்சல் வெளியே தெரியக் கூடாது என்று.

அடுத்த வருடம் எனக்கு இன்சுலின் எழுதிவிட்டார்கள். அன்றைக்கு நான் செத்துப்போய்விட்டதாகவே நினைத்தேன். என் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அக்காதான், "என் ஊட்ல வையேன்" என்றாள். தினமும் காலையில் அவள் வீட்டுக்குப் போய், ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிற என் குப்பியை எடுத்து, அவள் சமையலறையில் நின்று வயிற்றில் குத்திக்கொள்வேன். குப்பிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டில் இருக்கும். பிள்ளைகளுக்கு என்பாள். இருக்கட்டும், பிள்ளைகள் இருக்கிற வீடு. நான் ஊசி போடும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "அய்யோ பாவம்டி நீ" என்பாள். அந்த 'பாவம்' ஊசியைவிட வலித்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு தவக்காலத்தில் கோயிலில் முழங்காலில் இருந்தபோது நான் ஜெபித்தது என்ன தெரியுமா? ஒரே ஒரு மாதமாவது அக்காவுக்கு இருநூறு வரட்டும் ஆண்டவரே என்று. கெட்ட புத்தி. எழுந்ததும் வெட்கமாகிவிட்டது. அதற்காகத் தனியாக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். அடுத்த மாதம் அவளுக்கு நூற்றுப் பதினாறு வந்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

அவளிடம் நன்றிக்கடனும் இருந்தது எனக்கு. சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம்தான், ஆனால் அவர்கள் சொன்ன நாளில் நேரில் போக வேண்டும். ஆர்டர் அதிகமாக இருந்தால் கம்பெனியில் லீவு தர மாட்டார்கள். அந்த மாதங்களில் அக்கா எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு போய்விடுவாள், நான் மாட்டிக்கொள்வேன். மாத்திரை தீர்ந்துபோய் முழித்துக்கொண்டு நிற்கும்போது அக்கா அட்டை அட்டையாகக் கொண்டுவந்து கொடுப்பாள். அதே மாத்திரை, அதே அளவு. "உனுக்கு வேணாமாக்கா?" என்றால், "சுகரு நல்லா கீதுன்னு டாக்டரு எனுக்குப் பாதியா கொறைச்சிட்டாரு. மிச்சம் கெடக்குது, நீ போடு" என்பாள். அதிலும் எனக்குப் பொறாமைதான். எனக்கு ஊசி ஏறியது, அவளுக்கு மாத்திரை குறைந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். இப்படி எத்தனை அட்டை வாங்கினேன் என்று எனக்கே தெரியாது.

போன மழைக்காலத்தில் ஒரு நாள். வேனில் அக்காவின் காலடியில் பழுப்பாகக் கறை இருந்தது. சேறு என்று நினைத்தோம். இறங்கி நடந்தபோது தரையில் வட்ட வட்டமாக ஒட்டியது. அவள் செருப்பைக் கழற்றச் சொன்னேன். இடது கால் பெருவிரலுக்குக் கீழே, அட்டைப்பெட்டிக்கு அடிக்கிற பெரிய பின் ஒன்று செருப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே ஏறியிருந்தது. சுற்றிலும் கறுத்திருந்தது. நாற்றம் வேறு.

"எத்தினி நாளாக்கா?"

"எனுக்குத் தெரியவே இல்லடி. வலிக்கவே இல்ல" என்றாள். முதல் முறையாக அவள் கண்ணில் பயத்தைப் பார்த்தேன்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நான்தான். அவள் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், அன்றைக்கு ஆந்திராவில் இருந்தார். கையில் ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் சின்ன வயது டாக்டர் ஒருவர் வந்து, சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருக்கிறது, ஏழுக்குள் இருக்க வேண்டிய மூன்று மாத சுகர் பதினொன்றுக்கு மேல், விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். அங்கேதான் நான் ஆரம்பித்தேன். மெஷின் கோளாறு, ரத்தம் மாறிவிட்டது, இவள் மேடையேறித் துண்டு வாங்கியவள் தெரியுமா என்றெல்லாம். நோட்டைப் பிரித்துப் பக்கம் பக்கமாகக் காட்டினேன். "பாருங்க சார். நூத்தி பதினெட்டு. நூத்தி இருவது. ஆறு வருஷமா சார்!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு அக்காவின் முதுகைப் பார்த்தார்.

"இது அன்னன்னிக்கு இருக்கற சுகர்மா. ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்து மாத்திரை போட்டா எறங்கிடும். நாங்க பாத்தது மூணு மாசமா ரத்தத்துல ஒட்டிக்கிட்டு இருக்கற சக்கரை. அத ஏமாத்த முடியாது. இங்க நெறைய பேரு இப்படித்தான் பண்ணிட்டு வர்றாங்க" என்றார். பிறகு குனிந்து, "என்னம்மா, டெஸ்டுக்கு முன்னாடி மட்டும்தான் மாத்திரை போடுவீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா சுவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள்.

நான் நோட்டை மூடினேன். வார்டில் இருந்த எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் போன பிறகு அவளே சொன்னாள், சுவரிடம் சொல்வதுபோல. பெரியபாளையத்து அம்மனுக்கு அவள் வருடா வருடம் ஆடி மாதம் காப்பு கட்டுகிறவள். காப்பு கட்டிவிட்டால் கவுச்சி கிடையாது, வீடு கழுவி, குளித்து, சுத்தமாக இருப்பாள். பொங்கல் வைத்துக் காப்பை அவிழ்த்ததும் அன்றைக்கே அவள் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கும். எனக்கும் ஒரு கிண்ணம் வரும்.

"ஆத்தாவுக்கு வருஷம் முச்சூடுமா சுத்தமா கீறோம்? காப்பு கட்ற நாளு இருந்தா போதும் இல்ல? அத்த மாதிரி தான்டி இதுவும்னு நெனச்சிக்கினு இருந்தேன். ரத்தம் குடுக்கறதுக்கு மூணு நாளு முன்னால இருந்து வெறும் கஞ்சி, வேப்பங்கொழுந்து, ரெண்டு வேள மாத்திரை. ரத்தம் சுத்தமாயிடும். சுத்தமான ரத்தத்தத் தான் குடுத்தேன். நம்பரு நல்லா வந்துச்சின்னா சுகரு போயிடுச்சின்னு தானே அர்த்தம்?"

"மீதி நாளு?"

"மீதி நாளு எல்லாரும் துன்ற மாதிரி துன்னேன். மாத்திர தெனமும் போட்டா கிட்னி போய்டும்னு அந்தப் பெஞ்சுல சொல்லல?"

நானும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்கவில்லையா? கேட்டது. பயந்துகொண்டே விழுங்கினேன். அவளிடம் அதைச் சொல்ல வாயெடுத்தபோது வேறொன்று வந்துவிட்டது.

"ரத்தம் சுத்தமாவும்னு நெஜமாவே நம்புன இல்ல? அப்ப எங்கிட்ட ஏன் சொல்லல? எனுக்கும் சொல்லிக் குடுத்திருக்கலாமே? எனுக்கு ஊசி எழுதனப்பகூடச் சொல்லலியே. வாய்க் கட்டுப்பாடு பத்தலன்ன. பாவம்டின்ன."

அதற்குத்தான் அவள் திரும்பினாள். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"அந்த சிஸ்டரு ஒரு தபா கை தட்னாங்கடி. எனுக்கு இதுக்கு முன்னால யாருடி கை தட்டிக்கீறாங்க? நீயும் என்ன அப்படித்தான் பாத்த. சொல்ல முடியல."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவளுக்கு இரண்டு விரல் எடுத்த அன்றைக்கு நான் போகவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

கம்பெனியில் எனக்கும் அவளுக்கும் சாப்பாட்டு நேரம் வேறு வேறு. அவளோடு சாப்பிடுகிற பெண்களிடம் போய்க் கேட்டேன். "அக்காவா? சோத்துல கொழம்ப ஊத்தி ரெண்டு அடுக்கும் காலி பண்ணுவாங்க. கடைசில மைசூர்பாகு. உனுக்குத் தெரியாதா? மூணு நாளு மட்டும் கஞ்சி. டெஸ்டு வருதுன்னு நாங்களே கிண்டல் பண்ணுவோம்" என்றார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தப் பரிசு டிபன் பாக்ஸிலேயே சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் மட்டும்தான் ஆறு வருடமாக என் நாக்கைத் திட்டிக்கொண்டு, களியை அளந்து தின்றுகொண்டு, அவளுக்கு இருநூறு வரட்டும் என்று கேட்ட பாவத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்த மெழுகுவத்தியை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது.

அவள் வீட்டுக்குப் போவதை நிறுத்தினேன். இன்சுலின் குப்பியை எடுத்துவந்து, பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் வைத்துக்கொண்டேன். அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரியும். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டி வாசலில் உட்கார்ந்திருப்பாள். வேனுக்குப் போகும்போது நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன். இனிமேல் நின்று வேலை செய்ய முடியாது என்று கம்பெனியில் அவளை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அதையும் கேட்டேன். எனக்கு என்ன என்று இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவளே வந்தாள். வாக்கரை இழுத்துக்கொண்டு, அந்தச் சின்ன வாசலைக் கடக்க எவ்வளவு நேரமோ ஆனது அவளுக்கு. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே மாத்திரை அட்டைகள், இரண்டு கை நிறைய.

"இந்தக் காலு இன்னும் கறுத்துதுன்னா முட்டிக்கி மேல எடுத்துடுவாங்களாம்டி. எனுக்குப் பயமா கீது. ஊசியும் மாத்திரையும் நானே போட்டுக்குவேன்னு டாக்டராண்ட சொல்லிட்டேன். ஆனா என் மேல எனுக்கே நம்பிக்க இல்ல."

அந்த அட்டைகளையே பார்த்தேன். ஓரம் மடங்கிப் பழையதாகிப்போன அட்டைகள்.

"இது எல்லாம் இன்னாக்கா?"

"போடாம வெச்சிருந்தது. தூக்கிப் போடவும் மனசு வர்ல."

"அப்ப டாக்டரு பாதியா கொறைச்சாருன்னு எனுக்குக் குடுத்தியே, அது?"

"கொறைக்கல."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அவள் எனக்குக் கொடுத்த ஒவ்வொரு மாத்திரையும் அவள் விழுங்கியிருக்க வேண்டிய மாத்திரை. நான் ஒரு முறையாவது, எங்கே காட்டு, டாக்டர் எழுதியதைக் காட்டு என்று கேட்டேனா? நோட்டைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தோம். மாத்திரையை வாங்கிக்கொள்ளும்போது மட்டும் நான் எதையும் பார்க்கவில்லை. என் காலில் பத்து விரலும் இருக்கிறது. கோபம் போகவில்லை. ஆனால் அதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

இப்போது என் குப்பி மறுபடி அவள் ஃபிரிட்ஜில் இருக்கிறது, அடையாளத்துக்கு ரப்பர் பேண்டு சுற்றி. பக்கத்தில் அவள் குப்பி. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை நானே எடுத்துக் கொட்டினேன். காலை ஆறு மணிக்குப் போய் முதலில் எனக்குப் போட்டுக்கொள்கிறேன், பிறகு அவளுக்குப் போடுகிறேன். அவள் இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இரண்டு இட்லி சாப்பிடும்வரை எதிரே உட்கார்ந்திருக்கிறேன். பிறகு மாத்திரையைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைக்கிறேன்.

தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரை வைக்கிறாள்.

"வாயத் தொற."

திறக்கிறாள்.

"நாக்கத் தூக்கு."

"இன்னாடி, இன்னும் என்ன நம்பலியா?"

"நம்பல. தூக்கு."

ஐம்பது வயதுக்காரி, என்னைத் தோளில் சாய்த்து அழ விட்டவள், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள். குனிந்து பார்க்கிறேன். வெளியே வேன் ஹாரன் அடிக்கிறது. இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.